வண்டி செய்யும் வேலையும் பாலிசி அறிந்த வேலையும்

சரக்கு வண்டிக்கான காப்பீடு வண்டியை மட்டும் கருதி எழுதப்படும் ஒப்பந்தம் அன்று. அந்த வண்டி எந்த வேலைக்காக ஓடுகிறது, எந்த அனுமதியின்கீழ் ஓடுகிறது, ஓட்டுபவரின் உரிமம் எத்தகையது, அதில் ஏறிச் செல்வோர் எவர் என்ற கேள்விகளுக்கு உரிமையாளர் தரும் விடைகளின்மேல் அது நிற்கிறது. விபத்துக்குப் பின் வண்டியைப் பார்வையிட்டு இழப்பைக் கணக்கிடும் மதிப்பீட்டாளர்கள், அதாவது லாரித் தொழிலில் சர்வேயர் என்று அழைக்கப்படுவோர், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு போன்ற ஊர்களில் நெடுங்காலம் பணியாற்றியபின் வந்துசேரும் முடிவு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. சிறு உரிமையாளரின் கோரிக்கை எவ்வளவு குறையும் என்பதும், மறுக்கப்படுமா என்பதும் பாலிசி எழுதப்பட்ட நாளிலேயே, தொகை மட்டும் பேசப்பட்டு வண்டியின் அன்றாட வேலை பேசப்படாமல் விடப்பட்டபோதே, பாதிக்குமேல் தீர்மானமாகிவிடுகின்றன.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு, பொது இடத்தில் ஓடும் எந்த வண்டிக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. வண்டியால் சாலையில் செல்வோருக்கு ஏற்படும் மரணம், காயம், சொத்துச் சேதம் ஆகியவற்றுக்காக உரிமையாளர் தரவேண்டிய இழப்பீட்டை நிறுவனம் ஏற்பதே இந்தப் பகுதியாகும். சொந்த வண்டிக்கு நேரும் சேதம், தீ, திருட்டு ஆகியவற்றுக்கான பகுதி உரிமையாளரின் விருப்பத்துக்கு உரியது. கடன் கொடுத்த வங்கியோ நிதி நிறுவனமோ வற்புறுத்துவதால்தான் பலர் அதை எடுக்கிறார்கள், கடன் முடிந்த ஆண்டே பலர் விட்டுவிடுகிறார்கள். இவ்விரு பகுதிகளின் சொற்களும் பெரும்பாலும் 2002-ஆம் ஆண்டு அகில இந்திய மோட்டார் கட்டண நூலிலிருந்து வந்தவை. சொந்தச் சேதப் பகுதிக்கான கட்டணம் 2007 ஜனவரி முதல் நிறுவனங்களின் போட்டிக்கு விடப்பட்டபோதிலும், அந்நூலில் ஐ.எம்.டி. என்ற குறியுடன் எண்ணிடப்பட்ட கூடுதல் விதிகள் இன்றும் ஒவ்வொரு பாலிசியின் முதல் பக்கத்திலும் வெறும் எண்களாக அச்சிடப்படுகின்றன. பாலிசியின் உயிர் அந்த எண்களில் இருக்கிறது என்பதை உரிமையாளருக்குச் சொல்பவர் அரிது.

மலிவாக ஒரு பாலிசி கிடைக்கும்போது அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிவது நல்லது. மூன்றாம் தரப்புக் கட்டணத்தை மத்திய அரசே நிர்ணயிப்பதால் எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அது ஒன்றுதான். 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த அட்டவணையின்படி, சுமையோடு சேர்ந்த மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத மூன்று சக்கர வகை நீங்கலான வாடகைச் சரக்கு வண்டிக்கு 16,049 ரூபாய், 12,000 கிலோ வரை 27,186 ரூபாய், 20,000 கிலோ வரை 35,313 ரூபாய், 40,000 கிலோ வரை 43,950 ரூபாய் என்று அது உயர்ந்து செல்கிறது. ‘குட்டி யானை’ எனப்படும் சிறு சரக்கு வண்டியை வாடகைக்கு ஓட்டுபவரும் ஏழு டன் வண்டி வைத்திருப்பவரும் ஒரே கட்டணத்தைச் செலுத்தவேண்டியிருப்பது, மிகச் சிறிய வணிகர்மேல் விழும் நியாயமற்ற சுமை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்தத் தொகையில் எவரும் கழிவு தர முடியாது என்பதால், கழிவு வரக்கூடிய இடம் சொந்தச் சேதப் பகுதி ஒன்றுதான். அங்கே கட்டண வீதத்தை உண்மையாகவே குறைக்கலாம். அல்லது வண்டியின் மதிப்பைக் குறைத்து எழுதலாம். அல்லது தேவையான கூடுதல் விதியை நீக்கிவிடலாம். முதலாவது உரிமையாளருக்கு ஆதாயம், மற்ற இரண்டும் விபத்து நாள்வரை கண்ணுக்குத் தெரியாத இழப்பு. விலைப்புள்ளியில் உள்ள இறுதித் தொகையை மட்டும் ஒப்பிடுபவர் இம்மூன்றையும் பிரித்தறிய வழியில்லை.

மதிப்பைக் குறைத்து எழுதுவதன் விளைவை விளக்கமாகக் காண்பது தகும். ஐ.டி.வி. எனப்படும் அறிவிக்கப்பட்ட மதிப்பு, வண்டி முழுமையாக அழிந்தாலோ திருடு போனாலோ நிறுவனம் தரக்கூடிய உச்சத் தொகையாகும். தயாரிப்பாளரின் விற்பனை விலையிலிருந்து முதல் ஆறு மாதத்துக்குள் 5 விழுக்காடு, ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20 என்று கழித்துக்கொண்டே போய், நான்கு முதல் ஐந்து ஆண்டு வரையிலான வண்டிக்கு 50 விழுக்காடு கழித்து அது கணக்கிடப்படுகிறது. ஐந்தாண்டைக் கடந்த வண்டிக்கு இருதரப்பும் பேசி மதிப்பை முடிவுசெய்ய வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் அந்தப் பேச்சு நடப்பதே இல்லை, முகவர் கணினியில் இடும் எண்ணே மதிப்பாகிவிடுகிறது. பழுதுச் செலவு இந்த மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டியைச் சரிசெய்ய முடிந்தாலும் அது முழு இழப்பாகவே கருதப்படும். சந்தையில் பத்து லட்சம் பெறும் ஒரு வண்டிக்கு ஆறு லட்சம் என்று எழுதப்பட்டிருந்து, விபத்தில் ஐந்து லட்சத்துக்கு வேலை வந்தால், ஆறு லட்சத்தின் 75 விழுக்காடு நாலரை லட்சம் என்பதால் பழுது பார்க்கும் வழி அடைபட்டுவிடுகிறது. உரிமையாளர் உடைந்த வண்டியை ஒப்படைத்து ஆறு லட்சத்தை ஏற்க வேண்டும். அல்லது உடைந்த நிலையில் வண்டிக்குள்ள விலையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைப் பெற வேண்டும். ஓடிச் சம்பாதித்துக்கொண்டிருந்த வண்டி கையைவிட்டுப் போக, அதேபோன்ற வண்டியை வாங்க நாலு லட்சம் கடன் வாங்க வேண்டியதாகிறது. பிரீமியத்தில் மிச்சமானது சில ஆயிரம் மட்டுமே.

நாமக்கல் வட்டாரத்துக்கு இதில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. லாரியை வாங்குபவர் பெரும்பாலும் சேசிஸை மட்டும் தயாரிப்பாளரிடம் வாங்கி, பாடியை உள்ளூர்ப் பட்டறையில் கட்டிக்கொள்கிறார். பாலிசியோ சேசிஸின் விலைச்சீட்டை வைத்து முதலில் எழுதப்பட்டு, பாடி கட்டி முடிந்தபின் திருத்தப்படாமலே கிடக்கிறது. பாடி கட்டிய செலவுக்கு ரசீது பெற்று, அந்தத் தொகையையும் மதிப்பில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுக்காதவருக்கு, கவிழ்ந்த வண்டியின் பாடிக்கு எதன் அடிப்படையில் தொகை தருவது என்ற கேள்வி எழும்போது மதிப்பீட்டாளரால் உதவ முடிவதில்லை.

இனி ஐ.எம்.டி. 23. வாடகைக் கார், இருசக்கர வண்டி நீங்கலாக மற்ற வணிக வண்டிகளின் பாலிசியில் ஐ.எம்.டி. 21 என்ற விதி இயல்பாகவே இடம்பெறுகிறது; வண்டி முழுதும் அழிந்தாலொழிய விளக்குகள், டயர், டியூப், மட்கார்டு, பானெட்டின் பக்கப்பகுதிகள், பம்பர், பெயின்ட் ஆகியவற்றுக்கு எதுவும் தரப்படாது என்று அது சொல்கிறது. நேருக்கு நேர் மோதலில் முதலில் நொறுங்குபவை இவைதான் என்பது சாலையைக் கண்ட எவருக்கும் தெரியும். சொந்தச் சேதப் பிரீமியத்தில் 15 விழுக்காடு கூடுதலாகச் செலுத்தி ஐ.எம்.டி. 23-ஐச் சேர்த்தால் இப்பொருள்கள், வண்டியின் மற்றப் பகுதிகளும் அதே விபத்தில் சேதமடைந்திருக்கும் நிலையில், தேய்மானம் கழித்து ஏற்கப்படும். பழுதுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மதிப்பீட்டாளர் இந்த எண்ணைத்தான் பாலிசியில் முதலில் தேடுகிறார். அது இல்லாதபோது பட்டியலின் பாதி வரிகளை அவர் அடித்துவிட நேர்கிறது. அதைப் பார்த்து நிற்கும் உரிமையாளர், முழு இன்சூரன்ஸ் எடுத்திருப்பதாக நம்பியவர், தாம் ஏமாற்றப்பட்டதாகக் கருதுவதில் வியப்பில்லை. ஒரு விதியை விற்காமல் விட்டதும் விற்கப்படவில்லை என்று சொல்லாமல் விட்டதும் நிறுவனத்தின் குறையே என்பதை மதிப்பீட்டுத் தொழிலில் இருப்போர் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

தேய்மானக் கழிவு இதற்கு அடுத்தபடியாக மனக்கசப்பைத் தருவது. மாற்றப்படும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் டயர், பேட்டரிக்கும் 50 விழுக்காடும், ஃபைபர் பாகங்களுக்கு 30 விழுக்காடும் கழிக்கப்படும். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதுக்கேற்பக் கழிவு கூடி, நான்கு முதல் ஐந்தாண்டு வண்டிக்கு 35 விழுக்காடும், பத்தாண்டு வரை 40 விழுக்காடும், அதன்பின் 50 விழுக்காடும் ஆகிறது. ஆறு வயதான வண்டிக்கு ஒரு லட்ச ரூபாய் இரும்புப் பாகம் மாற்றினால் அறுபதாயிரம்தான் கணக்கில் வரும் என்பதை முன்பே அறிந்தவர் அதற்கேற்பக் கைப்பணம் ஒதுக்கிக்கொள்வார்.

வண்டியின் பயன்பாடு பற்றிய விதிகளுக்கு வந்தால், பாலிசியில் ‘பயன்பாட்டின் வரம்புகள்’ என்ற தலைப்பின்கீழ் வரும் சில வரிகளே மற்றெல்லாவற்றையும் ஆள்கின்றன. மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் பெற்று ஓடும்போதும், பெர்மிட் தேவைப்படாத வகையாகச் சட்டத்தின் 66(3) பிரிவு விலக்கியுள்ள நிலையில் ஓடும்போதும் மட்டுமே காப்பீடு செல்லும் என்பது அதன் சாரம். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டியதில்லை என்பதால் சிறு வணிகர் பலருக்கு இந்தக் கவலை இல்லை; ஆனால் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று எல்லாப் போக்குவரத்து வண்டிக்கும் வேண்டும். எட்டாண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். அது இல்லாத வண்டி, 56-ஆம் பிரிவின்படி, முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படாது. பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது அடிப்படை மீறல் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவது போன்ற மீறல்களில் ஏற்கத்தக்க தொகையில் 75 விழுக்காடுவரை கொடுத்துத் தீர்க்கலாம் என்ற நடைமுறையை அதே நீதிமன்றம் 2010-இல் ஏற்றிருப்பதால், முழு மறுப்புக் கடிதம் பெற்றவர் அதோடு விட்டுவிட வேண்டியதில்லை.

பயன்பாட்டு மீறல்களுள் மனித உயிரோடு தொடர்புள்ளது, சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது. திருமணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் துக்க வீட்டுக்கும் குட்டி யானையின் பின்புறத்தில் உறவினரை ஏற்றிச் செல்வது தமிழக ஊர்ப்புறங்களில் அன்றாடக் காட்சி. சரக்கு வண்டியில் இலவசமாகவோ கூலிக்கோ பயணம் செய்வோருக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று 2002-ஆம் ஆண்டு ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. தம் சரக்கோடு வரும் சரக்கின் சொந்தக்காரருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் சட்டம் பாதுகாப்பு தருகிறது, மற்றவருக்கு இல்லை. வண்டி கவிழ்ந்து பலர் காயமுற்றால் ஒவ்வொருவரும் தனித்தனியே இழப்பீடு கோரலாம், அத்தனையும் உரிமையாளரின் வீடு நிலத்தின்மேல் விழும். மதிப்பீட்டாளர்கள் பார்க்கும் கோப்புகளில் இவற்றைவிடத் துயரமானவை இல்லை. இறந்தவர்களும் உரிமையாளரும் ஒரே ஊர்க்காரர்களாக, பல வேளைகளில் ஒரே குடும்பத்தாராக இருக்கிறார்கள்.

சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான காரை வாடகைக்கு விடுவதும் இதே வகைப் பிழையாகும். ஓன் போர்டு வண்டியின் பாலிசி வாடகைப் பயன்பாட்டை வெளிப்படையாகவே விலக்குகிறது. அண்டை வீட்டாரிடம் டீசல் காசு மட்டும் வாங்கியதாகச் சொல்லப்படும் விளக்கம், காயமுற்றவர் காவல் நிலையத்தில் கொடுத்த வாக்குமூலத்தில் வாடகை என்ற சொல் வந்துவிட்டால் நிற்பதில்லை.

ஓட்டுநர், கிளீனர், சுமை ஏற்றி இறக்குவோர் ஆகியோரின் நிலை வேறு. இவர்கள் சாலையில் செல்லும் மூன்றாம் தரப்பினர் அல்லர், உரிமையாளரின் பணியாளர்கள். பணியில் இருக்கும்போது இறந்தாலோ ஊனமுற்றாலோ உரிமையாளர் இழப்பீடு தரவேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டு பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த கடமை. அதன் விதிகள் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் சேர்க்கப்பட்டுள்ளன. கணக்கு எளிதானது: மரணம் என்றால் மாத ஊதியத்தில் பாதியை வயதுக்கேற்ற காரணி எண்ணால் பெருக்க வேண்டும். 2020-இல் அறிவிக்கப்பட்ட 15,000 ரூபாய் ஊதிய வரம்பையும், முப்பது வயதுக்குரிய 207.98 என்ற காரணியையும் கொண்டு பார்த்தால் தொகை 15,59,850 ரூபாய் ஆகிறது. இத்தகைய பொறுப்பைப் பாலிசியில் முழுமையாகச் சேர்க்க ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் அளவிலான கூடுதல் பிரீமியமே போதும். ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் ஐ.எம்.டி. 28, ஏற்றி இறக்குவோருக்கு ஐ.எம்.டி. 39. இருந்தும், இரண்டு சுமைத் தொழிலாளர் அன்றாடம் ஏறும் வண்டியின் பாலிசியில் ஓட்டுநர் ஒருவருக்கு மட்டும் பணம் கட்டப்பட்டிருப்பதை அடிக்கடி காண முடிகிறது. இழப்பீட்டை உரிய காலத்தில் கொடுக்காததற்கு விதிக்கப்படும் வட்டியை நிறுவனம் ஏற்கும், தண்டத் தொகையை ஏற்காது என்று 1997-இலேயே உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டிவிட்டதால், நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று உரிமையாளர் வாளாவிருப்பதும் ஆபத்தானது. உரிமையாளரே வண்டியை ஓட்டுபவராயின் 15 லட்ச ரூபாய்க்கான சொந்த விபத்துக் காப்பீடு உண்டு. ஆயினும் வண்டி அவர் பெயரில் இருந்து, அவரிடம் செல்லத்தக்க உரிமமும் இருந்தால்தான் அது பயன்படும்.

ஓட்டுநரின் உரிமம் பற்றி நீண்டகாலம் நிலவிய ஒரு குழப்பம் அண்மையில் தீர்ந்திருக்கிறது. இலகுரக வண்டிக்கான உரிமம் மட்டும் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை ஓட்டலாமா என்ற கேள்விக்கு, ஓட்டலாம், தனியாகப் போக்குவரத்து வண்டி என்ற குறிப்பு வேண்டியதில்லை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை, 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. இந்தக் காரணத்தைக் காட்டி மறுக்கப்படும் கோரிக்கையை இனி எதிர்த்து நிற்கலாம். அதைவிடப் பெரிய வண்டிக்கு உரிய வகை உரிமமும், நாமக்கல்லில் மிகுதியாக உள்ள எரிவாயு டேங்கர்களுக்கு அபாயகரமான சரக்குக்கான தனிக் குறிப்பும் இன்றியமையாதவை.

காலாவதியான உரிமத்தோடு ஓட்டுநர் விபத்தை ஏற்படுத்தினால் நிகழ்வதைப் பல உரிமையாளர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மோட்டார் விபத்து இழப்பீட்டை விசாரிக்கும் தீர்ப்பாயம், பாதிக்கப்பட்டவர் அலையக்கூடாது என்று கருதி, நிறுவனம் முதலில் பணத்தைச் செலுத்தட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடுவது வழக்கம். 2004-ஆம் ஆண்டு ஸ்வரண் சிங் வழக்கில் இந்த நெறி விரிவாக வகுக்கப்பட்டது. நிறுவனம் பணம் கட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டு உரிமையாளர் நிம்மதி அடைகிறார். ஆனால் நிறுவனம் தனி வழக்குத் தொடராமலே, அதே உத்தரவை நிறைவேற்றும் மனு மூலம் அவர் சொத்தின்மேல் கைவைக்க முடியும் என்பதால், சில ஆண்டுகள் கழித்து அறிவிப்பு வரும்போது வட்டியும் சேர்ந்திருக்கும். ஓட்டுநரை வேலைக்கு எடுத்தபோது உரிமத்தைப் பார்த்ததோடு கடமை முடியாது, அது புதுப்பிக்கப்படுகிறதா என்றும் கவனிக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. போக்குவரத்து உரிமம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை காலாவதியாவது என்பதால், அந்த நாளைப் பாலிசி முடியும் நாளோடு ஒரே நோட்டில் எழுதிவைப்பது போதுமான தற்காப்பு.

திருச்செங்கோட்டின் ரிக் லாரிகளுக்கும் கிரேன்களுக்கும் ஒரு தனி விதி உண்டு. ஐ.எம்.டி. 47, இவை சாலையில் ஓடும் வண்டியாக இருக்கும்போதும் துளையிடும் அல்லது தூக்கும் கருவியாக இயங்கும்போதும் இருவேறு நிலையில் இருப்பதாகக் கொண்டு, கருவியாக இயங்குகையில் கவிழ்ந்தால் அதனால் வரும் சேதத்தை விலக்குகிறது. கூடுதல் பிரீமியம் செலுத்தி இந்த விலக்கை நீக்கிக்கொள்ளலாம். ரிக் வண்டி கவிழ்வது பெரும்பாலும் எந்த நிலையில் என்பதைத் தொழிலில் உள்ளோருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டியில் ஏற்றிய சரக்கு இந்தப் பாலிசியின் எந்தப் பகுதியிலும் அடங்காது. சரக்குக்குத் தனியான போக்குவரத்துக் காப்பீடும், வாடகைக்கு ஏற்றுபவரின் சட்டப் பொறுப்புக்கு வேறொரு காப்பீடும் உள்ளன. 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் விதிகளும், சரக்கை அனுப்புபவர் உயர்ந்த மதிப்பை அறிவிக்காத நிலையில், ஏற்றிச் செல்பவரின் பொறுப்பை வாடகையின் பத்து மடங்குக்குள் நிறுத்துகின்றன. எனவே சரக்கை அனுப்பும் வணிகர், லாரிக்குக் காப்பீடு இருப்பதை நம்பி தம் பொருளை ஏற்றிவிடுவது பொருத்தமற்றது.

பழைய வண்டி வாங்குவோர் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவதும் இழப்பில் முடிகிறது. வண்டியோடு மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு தானே மாறிச் செல்லும். சொந்தச் சேதப் பகுதி அவ்வாறு செல்லாது, பதினான்கு நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதிப் பாலிசியையும் மாற்றிக்கொள்ள வேண்டும். விற்றவரும் ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றில் தம் பெயர் நீங்கும்வரை விடுபட்டவர் அல்லர். பதிவில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்பது 2018-இல் உறுதியான சட்டநிலை.

விபத்து நேர்ந்தபின் செய்யவேண்டியவை சிலவே. சரக்கு வண்டி விபத்தில், வண்டி இடம் மாற்றப்படும் முன் சம்பவ இடத்திலேயே முதற் பார்வை, அதாவது ஸ்பாட் சர்வே, நடப்பது உரிமையாளருக்கே நன்மை. சுமை எவ்வளவு, எவர் ஓட்டினார், எப்படி மோதியது என்பவை அங்கேதான் ஐயமின்றிப் பதிவாகும். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மோட்டார் இழப்பை உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர்தான் மதிப்பிட வேண்டும் என்பதால் அதற்குமுன் பட்டறையில் வண்டியைப் பிரிக்கக் கூடாது. வெள்ளத்தில் நின்ற வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யும் வழக்கம், 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடியிலும் தண்ணீர் புகுந்த பின்னரும் மாறவில்லை. என்ஜினுக்குள் நீர் இருக்கையில் முடுக்கியதால் உடைந்த பாகங்களை, வெள்ளத்தின் நேரடிச் சேதமாக இல்லாமல் பின்விளைவாகக் கருதி நிறுவனங்கள் கழித்துவிடுகின்றன. திருட்டில் காவல் நிலையப் புகார் உடனே பதிவாகியிருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்தது ஒன்றையே காரணமாக்கி மறுக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதி அமர்வு தெளிவாக்கியது.

மறுப்புக் கடிதம் வந்தால் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதி, பயனில்லையெனில் ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் முறையிடலாம். தனியுரிமை வணிகங்களும் குறுந்தொழில்களும் எடுத்த பாலிசிகள் அவருடைய அதிகார எல்லைக்குள் வருகின்றன. 50 லட்ச ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம், கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டியதில்லை. வணிக நோக்கத்துக்கான வண்டி என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்ற பழைய தடையையும் 2023-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. காப்பீடு இழப்பை ஈடுசெய்வதற்கே எடுக்கப்படுவதால் வணிகரும் இதில் நுகர்வோரே.

புதுப்பிக்கும் நாள் நெருங்கும் உரிமையாளர்கள் பணம் செலுத்தும் முன், தம் வண்டி ஏற்றும் சரக்கு, போகும் ஊர்கள், ஏறும் ஆட்களின் எண்ணிக்கை, பாடியோடு சேர்ந்த மதிப்பு ஆகியவற்றை ஒரு தாளில் தமிழிலேயே எழுதி முகவரிடம் கொடுத்து, அதன் நகலில் தேதியிட்ட கையொப்பம் பெற வேண்டும், ஐ.எம்.டி. 23, 28, 39 ஆகிய எண்கள் புதிய பாலிசியின் முதல் பக்கத்தில் இருக்கின்றனவா என்று தம் கண்ணால் பார்த்தபின் வண்டியை எடுக்க வேண்டும்.